ட்ரோனுக்கு நெற்றி எது?

செப்டம்பர் 9, செவ்வாய்

இந்த நாட்குறிப்பை மாலை வகுப்புக்காக மட்டும் வைத்திருக்கிறேன். வகுப்பில் சொன்னது இடது பக்கம், எனக்குப் புரிந்தது வலது பக்கம். பெரும்பாலும் இடது பக்கம்தான் நிறையும்.

இன்று வலது பக்கமும் நிறைந்தது. பவானிபூரில் எங்களுக்கு வீடியோ ஒளிப்பதிவு சொல்லித்தரும் மேக்னாதி ஓர் அறிவிப்புச் செய்தார். துர்கா பூஜை விடுமுறைக்கு முன் பதினொரு மாணவர்களும் சேர்ந்து ஒரு குறும்படம் தொடங்கப்போகிறோம். தெற்குக் கொல்கத்தாவின் மொட்டைமாடிகளைப் பற்றிய படம். அதற்காகப் பள்ளி ஒரு சிறிய கேமரா ட்ரோன் வாங்குகிறது. கடைசிச் சுற்றில் இரண்டு நிற்கின்றன: ஒன்று சாம்பல் நிறம், ஒன்று வெள்ளை. யாராவது இரண்டையும் ஒப்பிட்டு அறிக்கை தர வேண்டும். வகுப்பு யாருடைய அறிக்கையை ஏற்கிறதோ, அவர்தான் படத்தில் ட்ரோனைப் பறக்கவிடுவார்.

நான் கை தூக்கினேன். தூக்கியது என் கைதான் என்பதைக் கொஞ்சம் தாமதமாகக் கவனித்தேன்.

இந்த வகுப்பில் நான் சேர்ந்ததே அதற்குத்தான். அவர்களுடைய துண்டுப் பிரசுரத்தில் ஒரு பெண் கட்டுப்பாட்டுக் கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்து நிற்கும் படம் இருந்தது. ஐந்து மாதமாக நான் ஒயர் சுருட்டுகிறேன். எட்டு வடிவில் சுருட்ட வேண்டும், முறுக்கு விழக் கூடாது. நன்றாகச் சுருட்டுகிறேன் என்று எல்லாரும் சொல்கிறார்கள். அதனால் வேறு எதுவும் என் கைக்கு வருவதில்லை.

ஜெயந்தும் கை தூக்கினான். அவன் குடும்பம் மூன்று தலைமுறையாகக் கொல்கத்தாவில் இருக்கிறது. தமிழைவிட வங்க மொழியில் வேகமாகப் பேசுவான், எல்லாவற்றையும்விட வேகமாக முடிவெடுப்பான். போன மாதம் கேமராவுக்கு முக்காலி வாங்கும்போதும் இதே போட்டிதான் நடந்தது. நான் ஒன்பது பக்கம் எழுதி, "இரண்டுமே அதனதன் வகையில் நல்லவை" என்று முடித்திருந்தேன். அவன் ஒரே வரி எழுதினான்: "கறுப்பு." முக்காலி அவனிடம் போனது. இரண்டு முறை ஆட்டோவில் மறந்துவிட்டு வந்திருக்கிறான்.

வகுப்பு முடிந்ததும் மேக்னாதி என்னைத் தனியாக அழைத்து, இந்தத் தடவை எத்தனை பக்கம் வேண்டுமானாலும் எழுது, ஆனால் கடைசி வரியில் ஒரே ஒரு பெயர் இருக்க வேண்டும் என்றார். சரி என்றேன். பிறகு, ஒரு பெயர் என்றால் அடைப்புக்குறிக்குள் இன்னொன்று வரலாமா என்று கேட்டேன். அவர் வகுப்பறை விளக்கை அணைத்தார்.

செப்டம்பர் 13, சனி

அட்டவணை தயார். நாற்பத்தோரு வரிசை. பகலில் எனக்கு மென்பொருள் சோதிக்கும் வேலை. பிறர் எழுதியதில் எங்கே தவறு என்று தேடித் தேடி, என்னுடையதிலும் தேடும் பழக்கம் வந்துவிட்டது.

காகிதத்தில் பார்த்தால் வெள்ளை ஒரு மின்னேற்றத்தில் மூன்று நிமிடம் கூடுதலாகப் பறக்கும். கைப்பேசியில் பார்ப்பதற்காக நெடுக்கு வாக்கில் எடுக்கவும் செய்யும். சாம்பலுக்கு முன்பக்கம் இரண்டு உணர்விகள் உண்டு, எதிரே ஏதாவது வந்தால் நின்றுவிடும். ஆளைப் பின்தொடர்ந்தும் போகும். கீழ்நோக்கிய உணர்விகள் இரண்டுக்கும் இருக்கின்றன. தரை எங்கே இருக்கிறது என்று அவைதான் சொல்கின்றன. கேமராவைக் குலுங்காமல் தாங்கும் கிம்பல் இரண்டிலும் ஒரே மாதிரி. எடை இரண்டும் 249 கிராம். 250 கிராமுக்குள் இருந்தால் பறக்கவிடுபவருக்கு உரிமம் தேவையில்லை. ஒரு கிராம் கூடினால் நான் வேறு வகை மனுஷி. இந்த வரிசையைச் சிவப்பில் எழுதியிருக்கிறேன்.

முப்பத்தெட்டாவது வரிசை: "பறக்கவிடுபவரின் கை நடுங்கினால் படத்தில் தெரியுமா?"

சோதனை நாளையும் முறையாகத்தான் தேர்ந்தெடுத்தேன். பதினேழாம் தேதி, புதன். காற்று மிதம், மழை இல்லை, அலுவலகத்தில் விருப்ப விடுமுறை. நாட்காட்டியில் அன்றைக்கு விஸ்வகர்மா பூஜை என்று போட்டிருந்தது. இயந்திரங்களுக்குப் பூஜை செய்யும் நாளாம். நம் ஆயுத பூஜை மாதிரி. நல்ல சகுனம் என்று பக்கத்தில் குறித்துக்கொண்டேன்.

ஜெயந்திடம் தேதியைச் சொன்னேன். சில நொடி பார்த்துவிட்டு, சரி என்றான். அந்தச் சில நொடியை நான் அப்போது எதிலும் குறிக்கவில்லை.

செப்டம்பர் 16, செவ்வாய்

மேக்னாதி கேமராக் கடை ஒன்றில் சொல்லி இரண்டு ட்ரோன்களையும் வியாழன் வரை இரவல் வாங்கிவிட்டார். எங்கள் மாடிக்கு மேல் எவ்வளவு உயரம் போகலாம் என்பதை அரசு வரைபடத்தில் பார்த்து ஒரு தாளில் எழுதியும் கொடுத்தார். கடைக்காரருக்கு ஒரே ஒரு நிபந்தனை. நாளைக்குக் கடையில் எல்லாச் சாதனத்துக்கும் பூஜை நடக்கும், இவை இரண்டும் மட்டும் வெளியே இருக்கும், அதனால் நீங்களே ஒரு பூவாவது வைத்துவிடுங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

ஜதின் தாஸ் பார்க்கில் மெட்ரோ ஏறி காளிகாட்டில் இறங்கி நடந்தேன். பெட்டியில் போட்டிருக்கும் எடையை நம்பலாமா என்று வழியெல்லாம் யோசனை. லேக் மார்க்கெட்டில் நான் வழக்கமாக வாங்கும் வெங்கடநாராயணன் காபிப்பொடிக் கடை இன்னும் மூடவில்லை. காபிப்பொடி நிறுக்கும் தராசு துல்லியமானது. அவரும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். சாம்பலைத் தட்டில் வைத்தார். 249. பேச்சுக் கொடுத்துக்கொண்டே, கை தன்பாட்டுக்குப் போய் ஒரு சிட்டிகை பொடியை எடுத்து மேலே தூவப் பார்த்தது. நான் தட்டை இழுத்துக்கொண்டேன்.

"ஒரு கிராம் கொறையறதேம்மா," என்றார். "முப்பது வருஷமா கொறைச்சு நிறுத்ததில்ல."

வெள்ளையும் 249. புறப்படும்போது, எதுவும் வாங்காதபோதும், வழக்கம் போலப் பெட்டிமேல் ஒரு கொத்துக் கறிவேப்பிலை போட்டுக் கொடுத்தார்.

வீட்டுக்கார கனகவல்லி மாமியிடம் கடைக்காரரின் நிபந்தனையைச் சொன்னேன். அந்த வீட்டின் மேல்மாடி அறையில் பத்து மாதமாகக் குடியிருக்கிறேன். பூ வைக்கும் பொறுப்பைத் தான் பார்த்துக்கொள்வதாக மாமி சொன்னார். பூ மட்டும் போதும் மாமி என்றேன். மாமி கறிவேப்பிலையை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார்.

செப்டம்பர் 17, புதன்

நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

காலை ஆறரைக்குக் குளித்துவிட்டுக் கூடத்துக்கு வந்தேன். கோலம் போட்ட பலகையில் மிக்ஸி, கிரைண்டர், இஸ்திரிப் பெட்டி, இணைய ரவுட்டர், மாமாவின் வங்கி மடிக்கணினி எல்லாம் வரிசையாக உட்கார்ந்திருந்தன. எல்லாவற்றுக்கும் சந்தனம், நடுவில் குங்குமம். வரிசைக் கடைசியில் இரண்டு ட்ரோன்களும் இருந்தன. சாம்பலின் முன்பக்கம் மஞ்சளாக இருந்தது. வெள்ளை மல்லாந்து கிடந்தது.

மாமி ஊதுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தார். ஊரில் சரஸ்வதி பூஜைக்கு வைப்போம், இந்த ஊருக்கு வந்தப்புறம் விஸ்வகர்மாவுக்கும் வைக்கிறது வழக்கம், இரண்டில் ஒன்றை விட்டால் கிரைண்டர் முரண்டு பண்ணுகிறது என்றார்.

எங்கே வைத்தீர்கள் என்று மட்டும் கேட்டேன்.

"நெத்தியிலதான். வேற எங்க வெப்பா? இதுக்குக் கண்ணு ரெண்டும் முன்னாடி இருந்தது. அதுக்கு நடுவுல வெச்சேன். அந்த வெள்ளைக்கு முன்னாடி கண்ணே இல்ல. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பாவம், கண்ணு ரெண்டும் வயித்துல இருக்கு."

இரண்டு உணர்விகளுக்கும் நடுவே இருக்கும் இடம் ஒரு விரல் அகலம்கூட இல்லை. மாமியின் சந்தனம் தாராளமானது. சாம்பலுக்கு முன் பார்வை போயிற்று, வெள்ளைக்குக் கீழ்ப் பார்வை போயிற்று.

துடைத்துவிடட்டுமா மாமி என்றேன். வைத்த பொட்டை நாளைக் காலை வரை தொடக் கூடாது என்றார். போன வருஷம் மாமா ரவுட்டரைத் துடைத்தாராம். மூன்று நாள் இணையம் வரவில்லையாம். எங்கள் பகுதியில் அப்போது சாலை தோண்டிக் கம்பியை அறுத்திருந்தார்கள் என்பது எனக்கும் தெரியும், மாமிக்கும் தெரியும்.

இந்த இடத்தில் நான் ஒரு தவறு செய்தேன். அறைக்குப் போய்க் கதவைச் சாத்தித் துடைத்திருக்கலாம். ஒரு நிமிட வேலை. ஆனால் எனக்குள் இருக்கும் சோதனைக்காரி வேறு மாதிரி யோசித்தாள்: சந்தனம் இரண்டிலும் இருக்கிறது, ஆகவே சூழ்நிலை இரண்டுக்கும் சமம். அட்டவணையில் நாற்பத்திரண்டாவது வரிசை சேர்த்தேன். "சந்தனம்: உண்டு, உண்டு."

பிறகு எடை ஞாபகம் வந்தது. மாமியின் சமையலறைத் தராசில் வைத்தேன். இரண்டும் 251. மேலே இருந்த செம்பருத்தி இதழையும் கடையின் பெயர்ச்சீட்டையும் எடுத்தேன். 250. அது எல்லைக்கு உள்ளேயா, எல்லையிலா என்று விதியை நான்கு முறை படித்தேன். 250 வரை சரி. நான் இன்னும் பழைய வகை மனுஷிதான்.

பத்து மணிக்கு ஜெயந்த் வந்தான். ட்ரோன்களைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மாமி பக்கத்தில் நின்றதால் சிரிக்காமல் கும்பிட்டுக்கொண்டான். மூவரும் மொட்டைமாடிக்கு ஏறினோம்.

வானத்தைப் பார்த்தேன். பட்டம். எந்தப் பக்கம் திரும்பினாலும் பட்டம். சிவப்பு, பச்சை, பாதிக் கறுப்பு பாதி மஞ்சள். ஒவ்வொரு மாடியிலும் ஒருவர் நூலை இழுத்துக்கொண்டும், மூன்று பேர் அவருக்கு யோசனை சொல்லிக்கொண்டும் இருந்தார்கள். விஸ்வகர்மா பூஜை அன்றைக்குக் கொல்கத்தா முழுவதும் பட்டம் விடும் என்பது இந்த ஊரில் பிறந்த எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது.

"உனக்குத் தெரியும்தானே?" என்று ஜெயந்திடம் கேட்டேன்.

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"நாப்பத்தோரு வரிசை போட்டிருக்கே. பட்டம் அதுல எங்கயாவது இருக்கும்னு நெனச்சேன்."

மாடிச் சுவரைத் தாண்டாமல் ஆள் உயரத்துக்குள்ளேயே சோதிக்கலாம் என்று முடிவானது. முடிவு எடுத்தது ஜெயந்த்.

முதலில் சாம்பல். கருவியை இணைத்து, மூச்சை இழுத்துக்கொண்டு, மேலே போகும் குறியை அழுத்தினேன். இறக்கைகள் அரைச் சுற்றுச் சுற்றி நின்றுவிட்டன. கைப்பேசித் திரையில் எழுத்து வந்தது: முன் உணர்வி மறைந்திருக்கிறது, துடைக்கவும். மறுபடி அழுத்தினேன். துடைக்கவும். மூன்றாம் முறை கூடவே ஒரு துணியின் படமும் வந்தது.

"என்னடி சொல்றது அது?" என்றார் மாமி.

"துடைக்கச் சொல்லுது மாமி."

"நாளைக்குக் கார்த்தால துடைக்கறோம்னு சொல்லு."

சாம்பலிடம் அதைச் சொல்ல வழி இல்லை. கட்டத்தில் "பறக்க மறுத்தது" என்று எழுதினேன். எழுதும்போது மனசு கொஞ்சம் நொந்தது. உறுதியாகத் தெரியாமல் ஓர் அடியும் எடுத்துவைக்காத அந்தக் குணத்துக்காக என்னை எத்தனை பேர் திட்டியிருக்கிறார்கள்.

ஜெயந்த் வெள்ளையை எடுத்தான். அதன் திரையில் மூலையில் பொடி எழுத்தில் ஏதோ ஓர் எச்சரிக்கை வந்ததும் மறைந்ததும் தெரிந்தது. படிக்கலாம் இரு என்றேன். அவன் அழுத்திவிட்டான். வெள்ளை சொய்ங் என்று எழும்பி எங்கள் தலைக்கு மேல் நின்றது. மாமி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"தேக்லி?" என்றான் ஜெயந்த். பார்த்தாயா என்று அர்த்தம். "அழாம, வம்பு பண்ணாம எழுந்துது. இதான் ட்ரோன். நீ எழுதிக்கோ."

எழுதப் பேனாவைத் திறந்தேன். அதற்குள் வெள்ளை பக்கவாட்டில் நகர ஆரம்பித்தது. ஜெயந்த் எதையும் அழுத்தவில்லை. தரை எங்கே என்று தெரியாததால் அது தானாகவே, விருந்தில் தட்டேந்தி வருபவரைப் போல, நிதானமாக மிதந்து போனது. கீழே இறக்கு என்றேன். இறக்குகிறேன், இறங்க மாட்டேன் என்கிறது என்றான். வெள்ளை எங்கள் சுவரைத் தாண்டியது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த சந்தினைத் தாண்டியது. அடுத்த வீட்டு மொட்டைமாடிக்கு மேல் போய்ச் சேர்ந்தது.

அங்கே ஒரு காகு பட்டம் விட்டுக்கொண்டிருந்தார். காகு என்றால் சித்தப்பா. இங்கே பக்கத்து வீட்டில் அந்த வயதில் யார் இருந்தாலும் காகுதான். பனியன், லுங்கி, விரலில் நூல் அறுக்காமல் இருக்கப் பிளாஸ்திரி. வெள்ளை அவருடைய நூலில் மெதுவாகச் சாய்ந்தது. இறக்கை இரண்டு சுற்றுச் சுற்றி நூலைத் தன்மேல் அழகாகச் சுருட்டிக்கொண்டு நின்றது. அவ்வளவு நேர்த்தியாக நான்கூட ஒயர் சுருட்டியதில்லை. காகு பதறவில்லை. எதிரிப் பட்டத்தை இழுப்பது போலக் கைமாற்றிக் கைமாற்றி இழுத்து, வெள்ளையை நெஞ்சோடு வாங்கிக்கொண்டார். மாடியில் இருந்த மொத்தக் குடும்பமும் "போ-காட்டா" என்று கத்தியது. பட்டம் அறுந்தால் கத்துகிற கத்தல் அது. கூடவே யாரோ தட்டைத் தட்டினார்கள்.

ஜெயந்த் சுவரோரம் போய்த் திருப்பிக் கேட்டான். வங்க மொழியில் அவன் எவ்வளவு பணிவாகப் பேசுவான் என்று எனக்கு இன்றுதான் தெரிந்தது. காகு அதைவிடப் பணிவாக மறுத்தார். இன்றைக்கு ஒரு நாள் மட்டும் ஒரு சட்டம் உண்டு, அறுத்தவருக்குத்தான் பட்டம், இது என் மாடியில் என் நூலில் விழுந்தது என்றார். இது பட்டம் இல்லை காகு, ட்ரோன் என்றான் ஜெயந்த். வானத்திலிருந்துதானே வந்தது என்றார் அவர். அவர் மனைவி காகி வந்து வெள்ளையைப் புரட்டிப் பார்த்து, பொட்டைக் கண்டு, பூஜை எல்லாம் செய்து அனுப்பியிருக்கிறார்கள் என்று நெகிழ்ந்து போய், மேலே ஒரு சிவப்புத் திலகமும் வைத்துவிட்டார்.

நாளை மாலை அறிக்கை, அது முடிந்ததும் இரண்டு ட்ரோன்களையும் கடையில் ஒப்படைக்க வேண்டும். ஒன்று பறக்காது, ஒன்று எங்களுடையது இல்லை. அட்டவணையில் நாற்பது கட்டம் காலி. ஒயர் சுருட்டுவதற்கு என்றால் என்னை விட்டால் ஆள் இல்லை என்று மேக்னாதி சொல்லப்போவது காதில் கேட்டது.

கடைசியில் காகு ஒரு வழி சொன்னார். நாற்பது வருஷமாக இந்த மாடியில் பட்டம் விடுகிறார், ஒரு தடவைகூட மேலே இருந்து யாரும் அவரைப் படம் எடுத்ததில்லை. குடும்பத்தோடு, கையில் இன்றைய வேட்டையோடு, வானத்திலிருந்து ஒரு படம். எடுத்துக் கொடுத்தால் வேட்டை எங்களுக்கு.

வானத்தில் ஏற மிச்சமிருந்தது சாம்பல் மட்டும். சாம்பல் ஒரே ஒரு விஷயம்தான் கேட்டது.

மாமியைப் பார்த்தேன். மாமி வேறு பக்கம் பார்த்தார். துடைக்கவும் என்று திரை மறுபடி சொன்னது. இப்போது நான் ஏதாவது செய்ய வேண்டும் என்று இரண்டு பேரும், ஒரு திரையும், பக்கத்து மாடியில் ஏழு பேரும் காத்திருந்தார்கள். கீழே ஓடிப்போய் ஒரு தேக்கரண்டியும் ஈரத்துணியும் கொண்டுவந்தேன்.

"துடைக்கலை மாமி," என்றேன். "இடம் மாத்தறேன்."

தேக்கரண்டி நுனியால் சந்தனத்தை அப்படியே வழித்து எடுத்து, சாம்பலின் முதுகில், மின்கலத்தை மூடும் தட்டையான இடத்தில் வைத்தேன். குங்குமம் கொஞ்சம் சிதறியது, அதையும் விரலால் கூட்டி நடுவில் வைத்தேன். மிச்சமிருந்த மஞ்சள் கறையை மட்டும் ஈரத்துணியால் ஒற்றினேன். எடை மாறவில்லை என்பதால் சட்டத்துக்கும் குறை இல்லை. மாமி குனிந்து பார்த்தார். நெற்றி இவ்வளவு பின்னால் இருக்குமா என்றார்.

"இதுக்கு ஏறு நெத்தி மாமி," என்றான் ஜெயந்த்.

மாமி அதை ஏற்றுக்கொண்டார்.

சாம்பல் எழும்பியது. நான்தான் பறக்கவிட்டேன், என் கையால். சந்து ஓரம் போனதும், நடுவே நீட்டிக்கொண்டிருந்த பழைய டிவி ஆன்டெனா முன்னால் அது தானாக நின்றது. நான் விரலைத் தளர்த்தி, கொஞ்சம் உயர்த்தி, தாண்டினேன். நூல் குறுக்கே வந்தால் சாம்பலுக்கும் தெரியாது என்று காகுவிடம் கத்திச் சொன்னோம். அவர் போட்ட ஒரு சத்தத்தில் சுற்றியிருந்த நான்கு மாடிகளிலும் பட்டங்கள் இறங்கின. ஐந்து நிமிடம்தான் என்று விரல் காட்டினார்.

படம் எப்படி வந்தது என்பதை நான் சொல்வது நம்பத் தகுந்ததா என்று தெரியவில்லை. நடுவில் காகு, பிடித்த மீனைத் தூக்கிக்காட்டுவது போல வெள்ளையைத் தூக்கிப் பிடித்திருக்கிறார். சுற்றிலும் ஆறு முகங்கள் அண்ணாந்து பார்க்கின்றன. பக்கத்து மாடிகளிலும் எல்லாரும் பட்டத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சாம்பல் எப்போது நகரும் என்று மேலே பார்க்கிறார்கள். தூரத்து மேகத்தின் நிறம்கூட வெளுக்காமல் இருக்கிறது. அவர் மாடிக்கே போய்க் காட்டினோம், காகு திரையில் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். வழுக்கை இவ்வளவு தெரியுமா என்று காகியிடம் கேட்டுவிட்டு, வெள்ளையைக் கொடுத்தார். கூடவே ஒரு தூக்கு நிறையக் கிச்சுடி என்கிற பூஜைப் பருப்புச் சாதமும் கொடுத்தார்.

வெள்ளையின் ஓர் இறக்கை வளைந்திருந்தது. பெட்டியில் மாற்று இறக்கை இருந்தது, மாற்றினோம். மாமிக்குத் தெரியாமல் அதன் வயிற்றையும் சுத்தம் செய்து கூடத்துக்குள்ளேயே பறக்கவிட்டோம். நகராமல் நின்றது. நல்ல ட்ரோன்தான். இதை எழுதாமல் விட முடியாது. எழுதினால் கடைசி வரி கஷ்டமாகும். எழுதிவிட்டேன்.

செப்டம்பர் 18, வியாழன்

வகுப்பில் ஜெயந்த் முதலில் படித்தான். அவன் அறிக்கை இந்தத் தடவை நான்கு சொல்: "வெள்ளை. வயிற்றில் பொட்டு வைக்காமல்."

அடுத்து நான். நாற்பத்து மூன்று வரிசையையும் படித்தேன். நாற்பத்து மூன்றாவது "பட்டம்". இருபதாவது வரிசையில் இரண்டு பேர் தண்ணீர் குடிக்கப் போய்விட்டு, முப்பதாவதில் திரும்பி வந்தார்கள். சந்தனக் கதைக்கு வந்ததும் யாரும் எழுந்து போகவில்லை.

ஜெயந்த் ஆட்சேபித்தான். வெள்ளைக்கு வயிற்றில் பொட்டு, சாம்பலுக்கு முகத்தில் பொட்டு, இது எப்படிச் சரியான ஒப்பீடு ஆகும் என்றான். அவன் சொன்னது சரி. அதையே நான் "இந்தச் சோதனையின் குறைகள்" என்ற தலைப்பில் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன். அதையும் படித்துக் காட்டினேன். என் பக்கம் பேச வேண்டிய நேரத்தில் அவன் பக்கம் பேசிக்கொண்டிருக்கிறேன் என்பது பாதியில்தான் உறைத்தது.

மேக்னாதி கடைசி வரி எங்கே என்றார்.

கடைசி வரி இருக்க வேண்டிய இடத்தைக் காலியாக விட்டிருந்தேன். காலையில் ஒன்று எழுதி அடித்து, மதியம் மற்றது எழுதி அடித்து, காகிதம் அந்த இடத்தில் மெலிந்துபோயிருந்தது. எல்லாரும் பார்த்தார்கள். ஓரத்தில் நான் சுருட்டி வைத்த ஒயர், முறுக்கில்லாமல், எட்டு வடிவில் கிடந்தது.

"சாம்பல்," என்றேன். மறுபடி சொன்னேன். "கண்ணு தெரியலைன்னா அது கெளம்பல. மத்த நாப்பத்திரண்டு வரிசையும் எப்படிப் போனாலும் எனக்கு அது போதும்."

பிறகு காகுவின் படத்தைத் திரையில் போட்டேன். முதலிலேயே போட்டிருக்கலாம் என்று மேக்னாதி சொன்னார்.

வாக்கெடுப்பு நடந்தது. சாம்பலுக்கு ஏழு, வெள்ளைக்கு மூன்று. பதினோராவது வாக்கு என்னுடையது. நான் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

ட்ரோன்களைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது கடைக்காரர் வெள்ளையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார். பூதானே வைக்கச் சொன்னேன் என்றார். தென்னிந்தியர்கள் என்று ஜெயந்த் விளக்கினான். அவர் புரிந்துகொண்டு தலையாட்டினார்.

செப்டம்பர் 21, ஞாயிறு

பள்ளி வாங்கிய புதுச் சாம்பல் நேற்று என் கைக்கு வந்தது. குறும்படத்தின் முதல் காட்சி எங்கள் மாடியில்தான் என்று முடிவாகியிருந்தது. மாமி ஈரத்துணியை உதறிக் கொடியில் போடுவார், ட்ரோன் அவர் தலைக்கு மேலிருந்து எழும்பி எழும்பித் தெரு முழுவதையும் காட்டும்.

புதுச் சாதனம் வந்த செய்தி தெரிந்து, மாமி சந்தனக் கிண்ணத்தோடு காலையிலேயே மேலே வந்தார். இதை எதிர்பார்த்து இரவே தயாராக இருந்தேன். சாம்பலின் முதுகில் ஒரு சிறு தாளை ஒட்டி, அதில் அம்புக்குறி போட்டு "நெற்றி" என்று எழுதியிருந்தேன். அதோடு ஒரு வேண்டுகோளும் வைத்தேன்: சந்தனம் இரண்டு கிராம், ஸ்டிக்கர் பொட்டுக்கு எடையே இல்லை, ஸ்டிக்கராக இருக்கலாமா?

மாமி யோசித்தார். கிரைண்டருக்குச் சந்தனம், இதற்கு மட்டும் ஸ்டிக்கரா என்றார். மனுஷாளே இப்போது ஸ்டிக்கர்தானே மாமி வைத்துக்கொள்கிறார்கள் என்றேன். சட்டென்று தன் நெற்றியிலிருந்த பெரிய அரக்கு நிறப் பொட்டை எடுத்து, அம்புக்குறி காட்டிய இடத்தில் அழுத்தி ஒட்டினார். தராசில் வைத்தேன். 249. மறுபடி எடுத்து வைத்தேன். 249தான்.

மேக்னாதி வந்தார். ஜெயந்த் முக்காலியோடு வந்தான், பிறகு மறுபடி கீழே இறங்கி ஓடி ஆட்டோவிலிருந்து அதன் தலைப்பகுதியையும் கொண்டுவந்தான். மாமி துணியை உதறினார். சாம்பல் எழும்பியது. என் கை நடுங்கியது. முப்பத்தெட்டாவது வரிசையின் கேள்விக்குப் பதில் கிடைத்தது: படத்தில் அது தெரியவில்லை. மாமி அண்ணாந்து பார்த்தார், துணி பறந்தது, தெரு சின்னதாகிக்கொண்டே போனது.

காட்சியைத் திரையில் ஓட்டிக் காட்டினோம். மேக்னாதி அருமை என்றார். மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே வந்து பார்த்தார். கை நெற்றிக்குப் போனது.

"வெறும் நெத்தியோடவா ஊர் பூரா பார்க்கணும்? அழிச்சுட்டு மறுபடி எடு."

அழிக்க வேண்டாம் என்று மேக்னாதி கெஞ்சினார். மாமி கேட்கவில்லை. இரு, வேறு பொட்டு எடுத்துண்டு வரேன், எல்லாரும் அப்படியே நில்லுங்கோ என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அப்படியே நின்றோம். நான் சாம்பலை மறுபடி ஏற்றி, கொடிக்கு மேலே, மாமி நிற்க வேண்டிய இடத்தைப் பார்க்க வைத்தேன். அது அசையாமல் நின்றது. மின்கலத்தில் இன்னும் இருபத்தாறு நிமிடம் இருந்தது. கீழே மாமி ஒவ்வோர் அலமாரியாகத் திறக்கும் சத்தம் கேட்டது.